வதரிங் ஹைட்ஸ்: நெல்லி சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

தேனருவி:
எமிலி பிரான்டேயின் நாவலில் பாதி தாண்டியாச்சு. இரண்டு இடத்தில் இடறுகிறது. கேத்தரின் இரண்டு பேர். லிண்டன் என்பது குடும்பப் பெயரா, ஆள் பெயரா? அடுத்தது, கதையில் பெரும்பகுதி வீட்டு வேலைக்காரி நெல்லி வாயிலிருந்துதான் வருகிறது. அதை அப்படியே ஆசிரியர் குரலாக எடுத்துக்கொள்ளலாமா?

மைக்கூடு:
பெயருக்கு ஒரு தாள் போதும். இடப்பக்கம் எர்ன்ஷா வீடு: ஹிண்ட்லி, கேத்தரின். வலப்பக்கம் லிண்டன் வீடு: எட்கர், இசபெல்லா. நடுவில் ஹீத்கிளிஃப், எர்ன்ஷா வீட்டில் எடுத்து வளர்த்த பையன். கீழே பிள்ளைகள் மூவர்: ஹிண்ட்லிக்கு ஹேர்ட்டன், கேத்தரின்–எட்கருக்குக் கேத்தி, ஹீத்கிளிஃப்–இசபெல்லாவுக்கு லிண்டன். அம்மாவின் குடும்பப் பெயர்தான் அந்தப் பையனுக்குப் பெயர்.

எட்கர் மனைவியைக் கேத்தரின் என்றே முழுசாகக் கூப்பிடுவார், மகளைக் கேத்தி என்பார். மனைவியைச் சுருக்கிக் கூப்பிட்டது ஹீத்கிளிஃப், அதனால் இருக்கலாம் என்று நெல்லியே சொல்கிறாள்.

(இனி முடிவு வருகிறது, வேண்டாதவர்கள் தாண்டிவிடுங்கள்.) 3ஆம் அத்தியாயத்தில் ஜன்னல் பலகையில் கீறியிருக்கும் பெயர்களைப் பாருங்கள்: கேத்தரின் எர்ன்ஷா, கேத்தரின் ஹீத்கிளிஃப், கேத்தரின் லிண்டன். அம்மா எர்ன்ஷாவாகப் பிறந்து லிண்டனாகச் சாகிறாள். மகள் லிண்டனாகப் பிறந்து, ஹீத்கிளிஃப் மகனைக் கட்டி ஹீத்கிளிஃப் ஆகி, பிறகு ஹேர்ட்டனைக் கட்டி எர்ன்ஷாவாகப் போகிறாள். அதே வரிசை, தலைகீழாக.

கரிசல்மண்:
நெல்லி சொல்வதை ஆசிரியர் குரலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 9ஆம் அத்தியாயத்தைத் திரும்பப் படியுங்கள். ஹீத்கிளிஃபைக் கட்டிக்கொண்டால் தனக்கு இழிவு என்று கேத்தரின் சொல்லும்வரை அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். அதோடு எழுந்து போய்விடுகிறான். "நான்தான் ஹீத்கிளிஃப்" என்பது அதற்குப் பிறகு வருகிறது. அவன் போவதை நெல்லி பார்த்துவிட்டாள், ஆனால் அப்போதே வாயைத் திறக்கவில்லை. 12இல் கேத்தரின் மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு பட்டினி கிடக்கிறாள். வெறும் வீம்பு என்று நெல்லி முடிவுகட்டி, அதை எட்கரிடம் மறைக்கிறாள்.

ஓரத்தில் பென்சிலால் மூன்று குறி போடலாம்: கண்ணால் கண்டது, பிறர் சொன்னது, அவளுடைய தீர்ப்பு. பெரும்பாலோர் சறுக்குவது மூன்றாவதில். உண்மையுள்ள, நல்ல மனசுக்காரி என்று 1850 பதிப்பின் முன்னுரையில் அக்கா ஷார்லட் பாராட்டினார். 1958இல் ஜேம்ஸ் ஹாஃப்லி, கதையின் வில்லனே அவள்தான் என்று கட்டுரை எழுதினார்.

மைக்கூடு:
வில்லன் என்பது அதிகப்படி. எஜமான் வீட்டில் சம்பளத்துக்கு இருப்பவள் எதை எப்போது சொல்ல முடியும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டாமா? அவள் சொன்னதை எழுதுபவர் அங்கே வாடகைக்கு வந்த லாக்வுட். அவரோ 2ஆம் அத்தியாயத்தில் செத்த முயல்களைப் பூனைகள் என்று நினைக்கிறார்; கேத்தியின் மாமனார் ஹீத்கிளிஃபை அவள் புருஷன் என்கிறார். இப்படிப்பட்டவரைத் தாண்டித்தான் எதுவும் நம்மிடம் வருகிறது.

கரிசல்மண்:
அதுவும் சரி. 13இல் இசபெல்லாவின் கடிதம் நெல்லி குரல் இல்லை, அங்கே மொழி மாறுவதைக் கவனியுங்கள். வேலைக்காரக் கிழவர் ஜோசப் பேச்சு புரியாவிட்டால் வாய்விட்டுப் படியுங்கள், யார்க்‌ஷயர் வழக்கு அது. ஷார்லட் திருத்திய பதிப்பில் அதைக் கொஞ்சம் தணித்திருக்கிறார். எனவே கையிலிருப்பது 1847 முதல் பதிப்பின் பாடமா, ஷார்லட் திருத்திய 1850 பாடமா என்று முன்பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.