பைத்தான் பாட ஸ்கிரீன் ரெக்கார்டிங்: போனில் எழுத்து தெரியவில்லை, குரலும் பிந்துகிறது

பிளஸ்டூ_சிஎஸ்:
பன்னிரண்டாம் வகுப்பு பைத்தான் பாடங்களை ஓபிஎஸ் (திரையைப் பதியும் மென்பொருள்) மூலம் பதிவு செய்கிறேன். 15.6 அங்குல லேப்டாப், திரை 1920×1080, ப்ளூடூத் ஹெட்செட் மைக். 40 நிமிடப் பாடம் 1.8 ஜிபி ஆகிறது. பிள்ளைகள் போனில்தான் பார்க்கிறார்கள். கோடு (நிரல் வரிகள்) படிக்க முடியவில்லை என்கிறார்கள். முடிவை நெருங்க நெருங்க குரல் படத்துக்குப் பின்னால் வருகிறது. எதை முதலில் சரிசெய்வது?

கர்சர்:
முதலில் எழுத்து. உங்கள் திரையின் அகலம் சுமார் 34 செ.மீ.; போனைப் படுக்கவைத்தாலே 14 செ.மீ.தான். ஐடிஎல்இ-யில் (பைத்தானோடு வரும் எடிட்டர்) 12 அளவில் வைத்தது அங்கே 5 அளவாகச் சுருங்கும். போனை நிமிர்த்திப் பிடித்தால் அதிலும் பாதி.

ஓபிஎஸ் செட்டிங்ஸ் > வீடியோவில் பேஸ், அவுட்புட் இரண்டையும் 1280×720 ஆக்குங்கள். முழுத் திரையை எடுக்காமல் ஐடிஎல்இ விண்டோவை மட்டும் விண்டோ கேப்சரில் எடுத்து, அந்த விண்டோவையும் 1280×720-க்கு ஒட்டிச் சுருக்குங்கள். இதை விட்டுவிட்டு 1080-ஐ 720-க்கு இறக்கினால் எழுத்து மங்கும், பெரிதாகாது. ஐடிஎல்இ ஆப்ஷன்ஸில் எழுத்து அளவு 24–28. ஒரு வரி 50 எழுத்தைத் தாண்டினால் உடைத்து எழுதுங்கள். திரையின் அடிப்பகுதியில் கோடு வேண்டாம்: பிளேயர் பட்டன்களும் சப்டைட்டிலும் வந்து உட்காரும் இடம் அது.

ஒலிமானி:
குரல் பிந்துவதில் இரண்டு வகை உண்டு. தொடக்கம் முதல் ஒரே அளவு பிந்தினால், ஆடியோ மிக்ஸரின் அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸில் சிங்க் ஆஃப்செட்டை மைனஸில் கொடுத்தால் போதும். உங்களுடையது போகப்போகக் கூடுகிறது; அதற்கு ஆஃப்செட் உதவாது. மைக்கின் கடிகாரமும் கணினியின் கடிகாரமும் ஒத்துப்போகாததால் வருவது அது. ப்ளூடூத்தில் இது சகஜம். போதாததற்கு, மைக்கை இயக்கியதும் ஹெட்செட் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும்.

வயர் உள்ள மைக் வாங்குங்கள், சாதாரண காலர் மைக்கே போதும். விண்டோஸ் சவுண்டிலும் ஓபிஎஸ் ஆடியோவிலும் சாம்பிள் ரேட்டை 48 கிலோஹெர்ட்ஸ் என்று ஒன்றாக வையுங்கள். ஒன்றில் 44.1, மற்றதில் 48 இருப்பதும் தொல்லைதான். பேசும்போது மீட்டர் மஞ்சளில், அதாவது -20க்கும் -9 டெசிபலுக்கும் இடையில், ஆடவேண்டும். ஃபேனை நிறுத்துங்கள், நாய்ஸ் சப்ரெஷன் ஃபில்டரை நம்பி ஃபேனடியில் பேசினால் குரலின் ஓரமும் சேர்ந்து அறுபடும்.

மெதுவடை:
1.8 ஜிபி என்றால் ரெக்கார்டிங் 6000 கேபிபிஎஸ்ஸில் போகிறது (6 மெகாபிட் × 2400 நொடி ÷ 8). பெரும்பாலும் அசையாமல் நிற்கும் கோடுக்கு அவ்வளவு எதற்கு? நிலையான பிட்ரேட்டை விட்டு சிஆர்எஃப் (தரத்தை நிலையாக வைத்து, பிட்ரேட்டைத் தேவைக்கேற்ப மாற்றும் முறை) 24, நொடிக்கு 20 ஃப்ரேம் வையுங்கள். எம்கேவி ஃபைல் வடிவத்தில் பதிந்து, முடிந்ததும் ஃபைல் > ரீமக்ஸில் எம்பி4 ஆக்குங்கள். நடுவில் கரண்ட் போனால் சாதாரண எம்பி4 திறக்காமல் போகலாம். எம்கேவி அதுவரை பதிந்ததைக் காப்பாற்றும்.

ஆனால் 40 நிமிடத்தை ஒரே துண்டாகப் போடாதீர்கள். எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் வீடியோக்களின் 69 லட்சம் பார்வைகளை ஆராய்ந்த 2014 ஆய்வில், வீடியோ எவ்வளவு நீண்டாலும் இடைநிலைப் பார்வை நேரம் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை.

கர்சர்:
அந்த 6 நிமிடத்தை விதியாக்க வேண்டாம். அந்த எட்எக்ஸ் பார்வையாளர்கள் தேர்வுக்குப் படிக்கும் பிளஸ் டூ பிள்ளைகள் அல்ல. ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல்கள் (மென்பொருள் கற்றுத்தரும் வீடியோக்கள்) சுமார் 10 நிமிடம் ஓடும். திரையின் ஒரு பாதியில் வீடியோ, மறுபாதியில் மென்பொருள் என்று வைத்துக் கூடவே செய்வது அவர்கள் முறை. போனில் அந்த மறுபாதி கிடையாது. அதனால் ஃபார் லூப் எழுதியதும் ரன் செய்யாமல், 'வீடியோவை நிறுத்தி அவுட்புட்டை நோட்டில் எழுதுங்கள்' என்று திரையில் 5 நொடி போடுங்கள். ஒரு கருத்துக்கு ஒரு வீடியோ.

பிளஸ்டூ_சிஎஸ்:
சிஆர்எஃப் எங்கே? என் ஓபிஎஸ்ஸில் அப்படி ஒன்றே காணோம்.

மெதுவடை:
அவுட்புட் மோடு சிம்பிளில் இருக்கும், அட்வான்ஸ்டுக்கு மாற்றுங்கள். ரெக்கார்டிங் தாவலில் என்கோடர் எக்ஸ்264, ரேட் கன்ட்ரோலில் சிஆர்எஃப். என்விடியா என்கோடர் என்றால் அந்த இடத்தில் சிக்யூபி வரும். அதற்கும் 24 போட்டுப் பாருங்கள். எண் கூடினால் ஃபைல் சிறுக்கும், எழுத்தோரம் கலங்கும்.