லீஷனுக்குத் தமிழ்: 'தோல் திரிவு' என்று சொல்லலாமா?

> 'லீஷன் என்பதற்குப் புண் என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் புரியும்.'

அன்புள்ள ஐயா, வணக்கம்.

தோலில் மாறுபட்டுத் தெரியும் இடத்தை மருத்துவத்தில் லீஷன் (lesion) என்கிறார்கள். அதைப் புண் என்றால் எல்லோருக்கும் புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். புண் என்றதும் தோல் கிழிந்து, நீர் கசிந்து, வலிக்கிற ஓர் இடம்தான் மனத்தில் வரும். மச்சமும் லீஷன், தேமலும் லீஷன், மருவும் லீஷன். இவற்றில் எது புண்? சருமப் பராமரிப்பு படிக்கும் மாணவர்களுக்கு நான் பாடம் எடுக்கிறேன். போன வாரம் ஒரு மாணவி, கன்னத்தில் இருந்த பழைய மச்சம் ஒன்றைப் பூதக்கண்ணாடி விளக்கில் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் 'கன்னத்தில் புண்' என்று எழுதினார். கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. எழுதத்தான் சொல் கிடைக்கவில்லை.

லத்தீன் மூலத்தில் அந்தச் சொல்லுக்கு ஊறு, காயம் என்று பொருள். அதனால்தான் வேரைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்த்தால் காயம், சிதைவு, நைவு என்றே போய் நிற்கிறோம். இன்றைய மருத்துவத்தில் அதன் பொருள் விரிந்துவிட்டது: சுற்றியுள்ள தோலிலிருந்து நிறத்திலோ மேட்டிலோ தன்மையிலோ மாறுபட்டு நிற்கும் எந்த இடமும் லீஷன்தான். வழக்கில் உள்ள இந்தப் பொருளுக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

எனக்கு நன்னூல் இலக்கணம் கைகொடுத்தது. சொற்கள் சேரும் புணர்ச்சியில் வரும் விகாரம், அதாவது மாற்றம், மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். தோலுக்கும் இது அப்படியே பொருந்துகிறது! புதிதாக எழும் புள்ளி, பரு, கொப்புளம் எல்லாம் தோன்றல். சொறிந்து சொறிந்து முழங்கை மடிப்பில் தோல் தடித்து, கோடுகள் ஆழமாகிக் கிடப்பது திரிதல். மேல்தோல் உரிந்து போவது, பிளப்பது, குழிப்புண் ஆவது எல்லாம் கெடுதல். பாடநூல்கள் முதல்நிலை, இரண்டாம்நிலை என்று பிரிப்பதைவிட இந்த மூன்று மாணவர்கள் மனத்தில் சட்டென்று பதிகின்றன.

சரி, அப்படியானால் 'விகாரம்' என்றே வைத்துவிடலாமே? வேண்டாம் என்பேன். இன்று அந்தச் சொல்லுக்கு அவலட்சணம் என்றே பொருள். முகத்தைக் காட்டி உட்கார்ந்திருப்பவரின் காதில் அது விழக்கூடாது. வெண்குட்டம் என்ற பெயர், தொற்றவே தொற்றாத ஒரு நிலையைத் தொழுநோயோடு முடிச்சுப் போட்டு எத்தனை பேரை ஒதுங்கி வாழ வைத்தது! வெண்புள்ளி என்று மாற்றிய பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. பெயர் வைக்கிற நமக்கு அந்தப் பொறுப்பு உண்டு. ஆகவே 'திரிதல்' என்பதைப் பொதுவாக எடுத்துக்கொண்டு 'தோல் திரிவு' என்கிறேன். பால் திரிந்தது என்று எல்லோரும் சொல்கிறோம். புதுச்சொல் என்ற மிரட்சி வராது. சேர்த்து எழுதினால் 'தோற்றிரிவு' ஆகிவிடும், தோற்றம் என்று படித்துவிடுவார்கள். அதனால் பிரித்தே எழுதுவோம்.

> 'திரிபு என்ற சொல் கிருமியின் உருமாறிய வகைக்கு ஏற்கெனவே வழங்குகிறது. குழப்பம் வராதா?'

இதை எழுதிய அம்மா கேட்பது நியாயம். ஓரெழுத்துதான் வேறுபாடு. ஆனால் நம் சொல் எப்போதும் 'தோல்' என்ற முன்னொட்டோடு வரும். அதற்கு மேலும் குழம்பும் என்றால் 'தோல் மாறிடம்' என்பதை இரண்டாவதாக வைத்திருக்கிறேன். எனக்கு அது கொஞ்சம் செயற்கையாகப் படுகிறது.

உள்வகைகளுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. மாணவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் மெதுவாகத் தடவச் சொல்வேன். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாமல், நிறம் மட்டும் மாறியிருந்தால், 1 செ.மீ.க்குள் 'புள்ளி', அதைவிடப் பெரிதானால் 'திட்டு'. விரலில் தட்டுப்பட்டு, 1 செ.மீ.க்குள் கெட்டியாக இருந்தால் 'குரு'. வேர்க்குருவில் உள்ள அதே குருதான். ஆசிரியர் என்ற பொருளோடு எழுத்தில் ஒத்துப்போனாலும் இடம் பார்த்துப் புரிந்துவிடும். தெளிந்த நீர் கோத்தால் கொப்புளம், சீழ் இருந்தால் சீழ்க்கொப்புளம்.

செதிலையும் பொருக்கையும் மட்டும் பிரித்தே ஆக வேண்டும். செதில் என்பது உதிரும் மேல்தோல். பொருக்கு என்பது நீரோ சீழோ இரத்தமோ கசிந்து காய்ந்தது. மூக்கருகே தேன் நிறத்தில் பொருக்கு ஒட்டியிருந்தால் அது தொற்றும் சிரங்காக இருக்கலாம். அன்றைக்கு ஆவி பிடிப்பதும் தேய்ப்பதும் கூடாது, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அதைச் செதில் என்று எழுதிவிட்டால் அடுத்து வருபவர் தேய்த்தே விடுவார். நோய்க்குப் பெயர் வைப்பது நம் மாணவர் வேலை அல்ல. 'இடக் கன்னம், 4 மி.மீ., பழுப்பு, ஓரம் ஒழுங்கற்றது, மேடான தோல் திரிவு' என்று எழுதினால் போதும், மருத்துவருக்கு அது பெரிய உதவி.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ஒவ்வாமையில் திடீரென எழும் தடிப்பு, பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தடம் தெரியாமல் அடங்கிவிடும். சொரியாசிஸில் வருவதோ மாதக்கணக்கில் நிற்கும், செதிலோடு கூடிய அகன்ற மேடு. இரண்டையும் 'தடிப்பு' என்றே எழுதுகிறோம். முன்னதற்குத் தடிப்பு இருக்கட்டும். பின்னதற்கு 'மேட்டுத்திட்டு' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், வாயில் நுழைய மறுக்கிறது. இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். திங்களன்று அந்தப் பாடம் இருக்கிறது.

அன்புடன்