புதுப்பிப்பு: வரலாறு படிப்பவர்களுக்கான தளங்கள், விட்டுப்போனவையும் ஒரு திருத்தமும்

வரலாறு படிக்கும் மாணவர்களுக்கு உதவும் தளங்கள் என்று போன மாதம் ஒரு பட்டியல் போட்டிருந்தேன். அதில் பாதி காணொளிகள்தான், மூல ஆவணங்கள் எங்கே என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

முதலில் யேல் சட்டக் கல்லூரியின் அவலான் புராஜெக்ட். பண்டைய பாபிலோன் மன்னர் ஹமுராபியின் சட்டங்களிலிருந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்கள்மீது நடந்த நியூரம்பெர்க் விசாரணை வரை மூல ஆவணங்களை இலவசமாகப் படிக்கலாம். நியூரம்பெர்க் பதிவுகள் நாள்வாரியாக இருக்கின்றன. ஏதாவது ஒரு நாளைத் திறந்து குறுக்கு விசாரணையைப் படித்துப் பாருங்கள், பாடப்புத்தகம் ஒரே வரியில் கடந்துபோன விஷயம் அங்கே கேள்வியும் பதிலுமாக, தயக்கமும் மழுப்பலுமாக நீண்டுகொண்டே போகும், எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தின் சோர்ஸ்புக் என்ற மூல ஆவணத் தொகுப்பு 1996ல் தொடங்கியது, அதனால் சில வெளி இணைப்புகள் செத்துவிட்டன. அந்த முகவரியை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் போட்டுப் பாருங்கள், பல நேரம் பழைய பக்கம் கிடைத்துவிடும்.

அப்புறம் டேவிட் ரம்சே வரைபடத் தொகுப்பு. அதிலுள்ள பல பழைய வரைபடங்களை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்தி, மேலே இருப்பதை மெல்ல மங்கச் செய்யலாம். ஆறு இடம் மாறியிருப்பதும் கோட்டைச் சுவர் இருந்த கோட்டில் இப்போது சாலை ஓடுவதும் கண்ணெதிரே தெரியும்.

போன பட்டியலுக்கு ஒரு திருத்தம்: உலக டிஜிட்டல் நூலகம் இப்போது தனித் தளமாக இல்லை. அமெரிக்க காங்கிரஸ் நூலகத் தளத்துக்குள் அதே பெயரில் தேடுங்கள்.