‘சார்பு இடர்’ வேண்டாம், ‘நேர்வுமடங்கு’ எனலாமா?

அன்பின் நண்பர்களுக்கு மட்டக்களப்பிலிருந்து வணக்கம்.

ஒரு காரணத்தால் ஒரு விளைவு வரும் வாய்ப்பு எத்தனை மடங்காகிறது என்று சொல்லும் அளவுதான் ரிலேட்டிவ் ரிஸ்க். அதற்குத் தமிழில் ‘சார்பு இடர்’ என்று நம் குழுவில் ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார். எனக்கு அதில் இரண்டு பாதியும் இடிக்கிறது.

எங்கள் கணிதப் பாடப்புத்தகத்தில் ‘சார்பு’ என்றால் ஃபங்ஷன். உயர்தரம் படித்த பிள்ளை அப்படித்தான் வாசிக்கும். சார்வேகம், சாரடர்த்தி போல ‘சார்’ என்று நிறுத்தினால் அந்தக் குழப்பம் தீரும், ‘இடர்’ தீராது. அந்தச் சொல் இங்கே ஏற்கனவே வேறு வேலையில் இருக்கிறது. 1978 சூறாவளி, 2004 சுனாமி, மார்கழி வெள்ளம் எல்லாம் இடர். இடர் நிவாரணம் என்றால் கையில் கிடைத்த அரிசியும் பருப்பும். அதாவது, வந்து முடிந்தது. ரிஸ்க் இன்னும் வராதது, வராமலே போகவும் கூடியது. மத்திய வங்கி அறிக்கைகளில் இதற்கு ‘இடர்நேர்வு’ என்று ஒரு சொல் நெடுநாளாகப் புழங்குகிறது. தமிழ்நாட்டு நண்பர்களுக்குப் புதிதாக இருக்கலாம். அந்த ‘நேர்வு’தான் எனக்கு வேண்டியது.

போன மாதம் கல்லடியில் மாமியோடு பேக்கரிக்குப் போனேன். அவவுக்கு சொசேஜ் பணிஸ் என்றால் உயிர். அன்றைக்குத் தட்டைத் தள்ளிவிட்டு, “நூறு பேர் திண்டா பதினெட்டுப் பேருக்குக் கேன்சராம் மனே, எனக்கு வேணாம்” என்றா. போனில் யாரோ அனுப்பிய செய்தி. மூலம் பொய்யில்லை: உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் சொன்னது, நாளாந்தம் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்டால் குடல் புற்றுநோய் ரிஸ்க் 18 வீதம் கூடும் என்று. ஆனால் எதிலிருந்து கூடும்?

கேம்பிரிட்ஜ் புள்ளிவிபரவியலாளர் டேவிட் ஸ்பீகல்ஹால்ட்டர் இதே உதாரணத்தைத்தான் எடுப்பார். பிரித்தானியக் கணக்கில், வாழ்நாளில் நூறு பேரில் ஏறத்தாழ 6 பேருக்கு அந்த நோய் எப்படியும் வரும். ஆறின் 18 வீதம் ஏறத்தாழ ஒன்று. ஆகவே நூறு பேரும் தினமும் தின்றால் 7. மாமியின் 18 எங்கே, இந்த ஒன்று எங்கே! பிரிஸ்டல் குழந்தை இதய சத்திரசிகிச்சை விசாரணை, நோயாளிகளைக் கொன்ற வைத்தியர் ஷிப்மனின் விசாரணை என்று கனமான கணக்குகள் பார்த்த மனிதர், 2007இலிருந்து 2018வரை ரிஸ்க்கைப் பொதுமக்களுக்கு விளங்க வைப்பதற்கென்றே அமைந்த பேராசிரியர் பதவியில் இருந்தார். நமக்கு அப்படி ஒரு கதிரை இல்லை; சொல்லாவது ஒழுங்காக இருக்கட்டும்.

சொல் வழுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 1995 பிரித்தானியா. சில கருத்தடை மாத்திரைகளால் இரத்தக்கட்டி ரிஸ்க் இரட்டிப்பாகிறது என்று எச்சரிக்கை வந்தது. 7,000 பெண்களில் ஒருவர் இருவரானார், அவ்வளவுதான். பயந்து மாத்திரையை விட்டவர்களால் அடுத்த வருடம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடின என்று மதிப்பிட்டார்கள்.

ஆகவே ரிலேட்டிவ் ரிஸ்க்குக்கு நான் வைப்பது ‘நேர்வுமடங்கு’. சொசேஜுக்கு 1.18, அந்த மாத்திரைக்கு 2. ‘மடங்கு’ என்று காதில் விழுந்ததும் “எதன்ட மடங்கு?” என்று யாரும் கேட்பார்கள். ‘சார்பு இடர்’ அந்தக் கேள்வியை எழுப்பாது, தலையாட்ட வைக்கும். இன்னொரு வசதி, ‘இடர்’ இல்லாததால் குணமாவது போன்ற நல்ல விளைவுக்கும் இதே சொல் பொருந்தும். நீளம்தான் பிரச்சினை என்றால் ‘சார் இடர்நேர்வு’ இதைவிட நீளம்.

எப்சொலியூட் ரிஸ்க்தான், அதாவது நூறு பேரில் 6, 7 என்று நேரே எண்ணிச் சொல்லும் அளவுதான், மல்லுக்கட்டுகிறது. தனிவெப்பநிலையைப் பார்த்து ‘தனி இடர்’ என்றால் ஒரு ஆளின் சொந்த இடர் என்று நினைப்பார்கள். குழுவில் டீச்சர் ஒருவர் தந்த ‘மெய்யிடர்’ அழகு. ஆனால் மற்றது பொய்யிடரா? நான் ‘நேர்வளவு’ என்று எழுதி வைத்திருந்தேன். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னைக் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அந்த மண்ணுக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிற துணிச்சலில் இன்றைக்கே அனுப்பலாம் என்றிருந்தேன். அனுப்புமுன் மாமியிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

“நேரளவா? எத்தின மணி?” என்றா.

இந்த ஒன்றுக்கு மட்டும் வேறு சொல் தேவை. இருந்தால் எழுதுங்கள்.