பையனுக்கு டிஸ்லெக்சியாவா (வாசிக்கறதுலயும் எழுதறதுலயும் வர்ற கற்றல் குறைபாடு) இருக்கலாம்ங்கிறாங்க, ஸ்பெஷல் ஸ்கூல்ல சேர்க்கலாமா?

சேலத்து அம்மா:
பையன் மூணாங்கிளாஸ், 8 வயசு. பாடத்தை நான் படிச்சு காட்டினா அப்படியே திருப்பி சொல்றான், ஆனா எழுத உட்கார்ந்தா ண ன ந எல்லாம் குழப்பம், கொம்பை எழுத்துக்கு பின்னாடி போடறான், இங்கிலீஷ்ல b-யும் d-யும் மாறுது. மிஸ் ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்கன்னு சொல்லிட்டாங்க, மாமியார் எல்லாம் சோம்பேறித்தனம்ங்கிறாங்க. அங்க சேர்த்தா கடைசி வரை அங்கயேதானான்னு நினைச்சா தூக்கம் வரமாட்டேங்குது.

வேளச்சேரி அக்கா:
நாங்களும் எங்க பையனுக்கு இதே மாதிரி ஒரு வருஷம் தள்ளிப்போட்டோம்பா, டியூஷன் மேல டியூஷன், நான் அடிச்சுகூட இருக்கேன், அதை நினைச்சா இப்பவும் மனசு அறுக்குது. அப்புறம்தான் இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு தனி முறையில சொல்லிக்கொடுக்கற ஒரு ரெமிடியல் சென்டர்ல சேர்த்தோம், மணல்ல எழுத்தை எழுதிக்கிட்டே சத்தம் போட்டு சொல்லணும், கையும் காதும் கண்ணும் சேர்ந்து வேலை செய்யும். மூணாவது மாசம் பஸ் போர்டை அவனா படிச்சான். ரெண்டு வருஷத்துல பழைய மாதிரி சாதா ஸ்கூலுக்கே போயிட்டான்.

ஸ்பெஷல் எஜுகேட்டர்:
அவசரப்பட்டு எங்கயும் சேர்க்காதீங்க மேடம். முதல்ல கண், காது டெஸ்ட். அப்புறம் சைக்காலஜிஸ்ட்கிட்ட அசெஸ்மென்ட், அதுல ஐக்யூவும் பார்த்து வாசிப்பு, எழுத்து, கணக்குன்னு தனித்தனியா பார்ப்பாங்க. எல்லாத்தையும் ஸ்பெஷல் ஸ்கூல்னு ஒரே பேர்ல சொல்றாங்க, அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைங்களுக்கான ஸ்கூல் வேற, டிஸ்லெக்சியா பிள்ளைங்களுக்கான இடம் வேற, மாத்தி சேர்த்துட்டா பையன் இன்னும் சுருங்கிடுவான். சென்னை தி.நகர்ல மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனோட அனன்யா மாதிரி இடங்கள்ல கொஞ்ச காலம் முழுநேரமா சொல்லிக்கொடுத்து திரும்ப சாதா ஸ்கூலுக்கு அனுப்பறதுதான் நோக்கமே. இப்ப இருக்கற ஸ்கூல்லயே ரிசோர்ஸ் ரூம் (இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு தனியா சொல்லிக்கொடுக்கற அறை) இருந்தா அதையும் கேளுங்க.

மதுரை அப்பா:
கற்றல் குறைபாடு சர்ட்டிபிகேட்டை மறந்துடாதீங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கு, 8 வயசு ஆயிடுச்சுல்ல, மெடிக்கல் போர்டுல அப்ளை பண்ணலாம். என் பொண்ணு சிபிஎஸ்இ, மூணு மணி நேர எக்ஸாமுக்கு ஒரு மணி நேரம் எக்ஸ்ட்ரா, சொல்றதை எழுத ஸ்க்ரைப், ரெண்டு மொழிக்கு பதிலா ஒண்ணு போதும். அந்த ஒரு மணி நேரம் கிடைச்ச பிறகுதான் அவ எக்ஸாம் ஹாலுக்கு அழாம போனா.

சேலத்து அம்மா:
படிச்சுட்டு ரொம்ப நேரம் அழுதுட்டேன், எல்லாருக்கும் நன்றி. திங்கக்கிழமை கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போறோம். சேலம், ஈரோடு பக்கம் அசெஸ்மென்ட் தமிழ்லயே பண்றவங்க தெரிஞ்சா சொல்லுங்க, அவனுக்கு இங்கிலீஷ்ல கேட்டா பயத்துலயே வாய் திறக்கமாட்டான்.