பூட்டிய தூக்குக்குள் எத்தனை வெள்ளி ரூபாய்?

தேவகோட்டைப் பேரன்:
அப்பத்தாவின் பித்தளைத் தூக்கு நிறைய வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாய். ஆட்டினாலும் குலுங்காத அளவுக்கு நிறைந்திருக்கிறது. கொண்டியில் பூட்டு, சாவி பெரிய சித்தப்பாவிடம். பொங்கலுக்கு எல்லாரும் கூடித்தான் திறப்பார்களாம். அப்பாவுக்கு அதுவரை பொறுக்கவில்லை, கணக்குப் போடச் சொல்கிறார். இதன் ஜோடித் தூக்கு காலியாக இருக்கிறது. 3 லிட்டர் தண்ணீர் பிடிக்கிறது. எத்தனை காசு இருக்கும்?

கணக்கு வாத்தியார்:
ஒரு ரூபாய் 11.66 கிராம். அந்த வெள்ளிக் கலவை கன செ.மீ.க்கு 10.3 கிராம் என்றால் ஒரு காசின் உலோகம் 1.13 கன செ.மீ. 3,000ஐ அதால் வகுத்து 2,650 என்று சொல்லிவிடாதீர்கள். கொட்டிய காசு சாய்ந்தும் குறுக்கேயும் கிடக்கும், விளிம்பு வேறு உயர்ந்திருக்கும். பாதிக்கு மேல் காற்றுதான். லிட்டருக்கு 400 வையுங்கள். சுமார் 1,200.

ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை:
தம்பி, வீட்டில் தராசு இல்லையா? அடகுக்கடையில் காலம் தள்ளியவன் சொல்கிறேன், நிறுத்துப் பாருங்கள். காலித் தூக்கின் எடையைக் கழித்து 11.66ஆல் வகுத்தால் முடிந்தது. உள்ளே எட்டணா, நாலணா கலந்திருந்தாலும் கவலையில்லை. வெள்ளி எட்டணா சரியாக ரூபாயில் பாதி எடை, நாலணா கால் எடை. காசின் எண்ணிக்கை மாறும், மொத்த ரூபாய் மாறாது. வாத்தியார் கணக்கில் இந்த வசதி கிடையாது!

தேவகோட்டைப் பேரன்:
நிறுத்தாச்சு ஐயா. தூக்கு போக 14 கிலோ, கொஞ்சம் முன்பின்.

ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை:
அப்படியானால் பழைய எடைக் கணக்கில் 10 வீசை; ஒரு வீசை 1.4 கிலோ. வீசைக்கு 40 பலம், பலத்துக்கு 3 ரூபாய் எடை. ஆக 1,200 ரூபாய். எங்கள் காலத்தில் ரூபாயே எடைக்கல், வகுத்தலுக்கே வேலையில்லை. தேய்ந்த காசு இருந்தால் பத்திருபது கூடலாம்.

ஒன்று மட்டும் அப்பாவிடம் சொல்லுங்கள். 1939 வரை அடித்த ரூபாயில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940 முதல் பாதிதான், ஆனால் எடை அதேதான். 1947இல் வந்த புலி ரூபாய் சுத்த நிக்கல், காந்தத்தில் ஒட்டும். தலைக்கு இத்தனை காசு என்று எண்ணிக் கொடுத்தால் யாரோ ஒருவருக்கு நட்டம். முதலில் வருஷவாரியாகப் பிரித்துக்கொண்டு, அப்புறம் பங்கு போடுங்கள்.