நுரையீரல் பரிசோதனையின்போதே புகைப்பதைக் கைவிட உதவி கிடைக்குமா?

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் வசிக்கும் என் அண்ணனுக்கு வயது 61. நாற்பது ஆண்டுகளாகப் புகைப்பவர். புகைக்கும் அல்லது முன்பு புகைத்த 55 முதல் 74 வயது வரையிலானவர்களுக்கு அங்குள்ள தேசிய சுகாதாரச் சேவை நடத்தும் நுரையீரல் பரிசோதனைக்கு அவருக்கும் அழைப்பு வந்திருக்கிறது.

அமெரிக்காவில் 53,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்களைவிடக் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் சுமார் 20 சதவீதம் குறைவாக இருந்தன என்பதால், கட்டாயம் போகும்படி அவரை வற்புறுத்தியுள்ளேன். ஆனால் என் அச்சம் வேறு. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால், அதையே தொடர்ந்து புகைப்பதற்கான அனுமதியாக அவர் எடுத்துக்கொள்வார் (அவரை எனக்குத் தெரியும்).

ஆகவே, உறவினரை இப்பரிசோதனைக்கு அழைத்துச் சென்றவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன். புகைப்பதை விடுவதற்கான ஆலோசகரை அன்றே, அதே இடத்தில் சந்திக்க முடிந்ததா, அல்லது பெயரைக் குறித்துக்கொண்டு பிறகு தொலைபேசியில் அழைத்தார்களா? தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையோ வேறு மருந்தோ உடனே கிடைத்ததா? அண்ணன் ஆங்கிலத்தில் மனம்விட்டுப் பேசத் தயங்குபவர் என்பதால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.